பல்லாவரத்துக் கல்லும் பிளாட்டினக் கம்பியும்

சென்னை வீடுகளின் கான்கிரீட்டில் ஜல்லியாகக் கலந்திருக்கும் பல்லாவரத்துக் கருங்கல்லுக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டவர், இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையின் தாமஸ் ஹாலந்து. கல்கத்தாவில் ஆங்கிலேய வணிகர் ஜோப் சார்னாக்கின் கல்லறைப் பலகையும் இதே கல்தான் என்பதால் 1893இல் அவர் பெயரையே கல்லுக்கு வைத்தார். உருகிய குழம்பு இறுகி உண்டான பாறை இது என்றது அவருடைய 1900ஆம் ஆண்டு அறிக்கை. இல்லை, ஆழத்தில் திடநிலையிலேயே வெந்து உருமாறியது என்று பிறகு பலர் மறுத்தார்கள். 1959இல் ஏ.பி. சுப்பிரமணியம் பல்லாவரப் பகுதிப் பாறைகளையே மறுபடி எடுத்து ஆராய வேண்டிவந்தது. கல்லில் என்னென்ன கனிமங்கள் இருக்கின்றன என்று நுண்ணோக்கி காட்டும். அவை எத்தனை டிகிரியில் சேர்ந்தன என்று காட்டாது. ‘குழம்பா, உருமாற்றமா’ என்ற வழக்கு ‘எத்தனை டிகிரி, எவ்வளவு ஆழம்’ என்று மாறியதில், இரு உலோகக் கம்பிகளைக் கொண்டு வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிளுக்கு நேரடிப் பங்குண்டு. அந்த இடத்தைப் பிடித்தது கூருணர்வு மிக்க கம்பி அல்ல, நிலையான கம்பி என்பதே என் வாதம்.

இரு வேறு உலோகங்களைச் சேர்த்து ஓர் இணைப்பைச் சூடாக்கினால் மின்விளைவு பிறக்கும் என்பதை 1821இல் சீபெக் கண்டார். அது நம்பத்தக்க உலைமானியாக அறுபத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 1886இல் லெ ஷாத்தலியே தூய பிளாட்டினத்தோடு, பத்து விழுக்காடு ரோடியம் கலந்த பிளாட்டினத்தை இணைத்தார். இன்றைய எஸ் வகைத் தெர்மோகப்பிள் அதுதான். 1000 டிகிரி செல்சியஸில் அது தருவது பத்து மில்லிவோல்ட்கூட இல்லை. குரோமல்-அலுமல் கம்பியான கே வகையோ 41 மில்லிவோல்ட் தருகிறது, விலையும் மிகக் குறைவு. இரும்பும் கான்ஸ்டன்டனும் சேர்ந்த ஜே வகை 760 டிகிரியிலேயே 43ஐத் தொடும். ஆனால் அதற்குமேல் இரும்பு தாங்காது. கே வகையின் குறை வேறு: ஆக்சிஜன் குறைந்த சூழலில், 800 டிகிரிக்கு மேல், அதன் குரோமியம் மட்டும் முந்திக்கொண்டு பச்சையாகத் துருவேறும். கம்பி அறாது, அளவு மட்டும் சத்தமில்லாமல் இறங்கும். அறுந்த கம்பியைவிட ஆபத்தானது இது. இத்தகைய நகர்வுகளைத் தடுக்கத்தான் 1970களில் ஆஸ்திரேலியாவில் என் வகை உருவானது. தூய காற்றில் பிளாட்டினம் அப்படி நகராது. அதனால்தான் 1927 முதல் 1990 வரை, 1064 டிகிரியில் உருகும் தங்கத்துக்குக் கீழே உள்ள ஒரு பகுதியில், பன்னாட்டு வெப்ப அளவுகோலையே எஸ் வகைக் கம்பி வரையறுத்தது. வாஷிங்டனில் 1905இல் தொடங்கிய கார்னகி புவி இயற்பியல் ஆய்வகமும் கனிமங்களை உருக்கிப் பார்த்தது பிளாட்டினக் கம்பியை வைத்துத்தான்.

கல்லுக்குள் கம்பியை யாரும் செருகவில்லையே, அதன் வெப்பத்தைச் சொல்வது வேதியியல் அல்லவா என்று கேட்கலாம். உண்மைதான். கார்னெட்டும் பைராக்சினும் இரும்பையும் மெக்னீசியத்தையும் பங்கிட்டுக்கொள்ளும் விகிதமே அங்கே வெப்பமானி. ஆனால் எந்த விகிதம் எந்த டிகிரிக்கு உரியது என்ற அட்டவணை ஆய்வக உலையில், தெர்மோகப்பிளின் அளவை ஒட்டியே எழுதப்பட்டது. சார்னோகைட் 700 டிகிரிக்கு மேல் வெந்த பாறை என்ற கூற்றின் அடியில் அந்தக் கம்பி இருக்கிறது. பாறைக் கணக்கிலேயே ஐம்பது டிகிரி தடுமாற்றம் இருக்கும்போது கம்பியின் ஓரிரு டிகிரியால் என்ன என்பது அடுத்த கேள்வி, இதைவிட வலுவானது. ஒரு கல்லின் தடுமாற்றம் பல கற்களைச் சேர்த்துப் பார்த்தால் சராசரியில் கரையும். அட்டவணை எழுதிய கம்பி பிசகினால் எல்லாக் கல்லும் ஒரே பக்கம் பிசகும், சராசரி அதைக் காட்டிக்கொடுக்காது. சில ஆய்வுக் கலன்களில் கே வகையும் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 801 டிகிரியில் உருகும் சாதாரண உப்பு போன்ற சான்றுப் பொருள்களோடு ஒப்பிட்டுத்தான் அதை நம்பினார்கள்.

பிளாட்டினமே எங்கும் உயர்ந்தது என்றும் சொல்லிவிட முடியாது. இதே சார்னோகைட் வரிசைப் பாறைமேல் நிற்கும் கல்பாக்கத்தில், வேக ஈனுலையின் மையத்தைவிட்டு மேலேறும் திரவ சோடியத்தின் வெப்பத்தைக் கண்காணிப்பது கே வகை. அங்குள்ள முன்மாதிரி உலையின் வடிவமைப்பில் அந்த வெப்பம் 547 டிகிரி அளவில்தான். பச்சைத் துரு தொடங்கும் எல்லைக்கு வெகு கீழே. எஸ் வகையை அங்கே வைத்தால் நியூட்ரான்களை விழுங்கும் ரோடியம் சிறிது சிறிதாகப் பல்லேடியமாகிவிடும். கம்பி தன் உலோகத்தையே இழக்கும்.