கட்டைக்கூத்து: காஞ்சிபுரம் வட்டாரத்தின் இசைநாடகமும் கிரேக்க ஓபராவும்

கட்டைக்கூத்து என்பது பழைய தொண்டை மண்டலத்தில், குறிப்பாகக் காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி வட்டாரங்களில், இரவு முழுவதும் ஆடப்படும் இசைநாடகம். பொதுவழக்கில் இதைத் தெருக்கூத்து என்பர். இன்று திருப்பெரும்புதூர் – ஒரகடம் என்றால் கார் தொழிற்சாலைகளும் கைப்பேசித் தொழிற்சாலைகளுமே பலருக்கும் நினைவுக்கு வருகின்றன. அந்தத் தொழிற்சாலைகளுக்கு ஆள் அனுப்பும் ஊர்களில்தான் பங்குனி, சித்திரை மாதங்களில் திரௌபதி அம்மன் கோயில் திடல்களில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கிறது.

பாட்டும் ஆட்டமும் வேடமும் கதையும் ஒன்றாகச் சேர்ந்த இக்கலையை மேலைநாட்டு ஆய்வாளர் சிலர் ஓபராவோடு ஒப்பிடுவது உண்டு. ஒப்பீடு முழுக்கப் பொருந்தாது. ஆயினும் ஓபரா பிறந்த கதையைத் தெரிந்துகொண்டால், கூத்தைப் பற்றி நமக்கிருக்கும் சில தாழ்வெண்ணங்கள் விலகும்.

கிரேக்க நாடகமும் ஓபராவும்

கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஏதென்சு நகரில் தயனீசியசு என்னும் தெய்வத்தின் திருவிழாவில் துன்பியல் நாடகங்கள் நடந்தன. நாடகம் திறந்தவெளியில் நடந்தது. நடிகர் அனைவரும் ஆண்கள். பெண் வேடத்தையும் அவர்களே கட்டினர். எல்லாரும் முகமூடி அணிந்தனர். 'கோரசு' எனப்பட்ட குழு பாடி ஆடியது. சோபோக்ளிசு அதன் எண்ணிக்கையைப் பன்னிரண்டிலிருந்து பதினைந்தாக உயர்த்தினார் என்பர். அக்குழு ஆடிய வட்டமான களத்தின் பெயர் 'ஆர்க்கெசுட்ரா'. இன்று வாத்தியக் குழுவைக் குறிக்கும் ஆர்க்கெசுட்ரா என்ற சொல், முதலில் ஆடுகளத்தையே குறித்தது. நம் கூத்தில் அதற்கு நிகரான சொல் களரி. குழுவுக்கு ஆகும் செலவை நகரத்துச் செல்வர் ஒருவர் ஏற்பார். அதை ஊருக்குச் செய்யும் கடமையாகவும் பெருமையாகவும் கருதினர்.

இதற்குச் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து, இத்தாலியின் புளோரன்சு நகரத்தில் அறிஞரும் இசைவாணரும் கூடிப் பழைய கிரேக்க நாடகத்தை மீட்டெடுக்க முயன்றனர். அந்த நாடகங்கள் முதலிலிருந்து கடைசிவரை பாடப்பட்டவை என்று அவர்களில் சிலர் நம்பினர். உண்மையில் கோரசுப் பகுதிகளும் வேறு சில பகுதிகளுமே பாடப்பட்டன, மற்றவை பேச்சு. அந்தத் தவறான நம்பிக்கையிலிருந்துதான் ஓபரா என்ற புதிய கலை பிறந்தது. யாக்கொப்போ பேரி 1600இல் இசையமைத்த 'யூரிடிசே', மான்டெவெர்டி 1607இல் மான்டுவா நகரில் அரங்கேற்றிய 'ஓர்ஃபியோ' ஆகிய இரண்டும் கிரேக்கப் புராணக் கதைகளே.

கிரேக்க நாட்டுக்கோ இக்கலை வெளியிலிருந்துதான் திரும்பி வந்தது. வெனிசு ஆட்சியில் இருந்த கோர்ஃபு தீவில் 1733 முதல் இத்தாலிய ஓபராக்கள் நடந்தன. கிரேக்க மொழியிலேயே எழுதப்பட்ட ஓபரா ஒன்று அங்கு மேடையேற 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதை இயற்றியவர் இசுபிரிடான் சின்டாசு. கதையும் புராணக் கதையன்று, தேர்தலில் நிற்கும் வேட்பாளரைப் பற்றியது.

கிரேக்கத் தேசிய ஓபரா நிறுவனம் அரச நாடக அரங்கின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. அதன் முதல் நிகழ்ச்சி 1940 மார்ச் 5 அன்று நடந்தது. அதே ஆண்டு இறுதியில் நாடு போரில் சிக்கியது. அடுத்த ஆண்டில் செர்மானியப் படை ஏதென்சைப் பிடித்தது. பஞ்சமும் ஆக்கிரமிப்பும் நிலவிய அந்த ஆண்டுகளில்தான் மரியா காலாசு என்ற இளம் பாடகி அந்த மேடையில் வளர்ந்தார். 1942இல் 'தோசுகா' ஓபராவில் தலைமை வேடம் ஏற்றபோது அவருக்கு வயது பதினெட்டு. 1944இல் நிறுவனம் தனித்து இயங்கத் தொடங்கியது. பிற்காலத்தில் உலகப் புகழோடு திரும்பி வந்த காலாசு, எபிடாரசு ஊரின் பழைய திறந்தவெளி அரங்கில் இதே நிறுவனத்தோடு 1960இல் 'நோர்மா', 1961இல் 'மெதேயா' ஆகியவற்றைப் பாடினார். கிரேக்க மொழியில் நிறுவனத்தின் பெயரில் ஓபரா என்ற சொல்லே கிடையாது. 'தேசிய லிரிக் மேடை' என்பது பெயரின் நேர்ப்பொருள். லிரிக் என்பது லைர் என்ற நரம்புக் கருவியிலிருந்து வந்த சொல். நம் யாழ் போன்றது.

2017இல் அந்நிறுவனம் ரென்சோ பியானோ வடிவமைத்த புதிய கட்டடத்துக்கு மாறியது. கடன் நெருக்கடியில் நாடே தத்தளித்த காலத்தில், இசுடாவ்ரோசு நியார்கோசு அறக்கட்டளை அந்த வளாகத்தைக் கட்டி அரசிடம் ஒப்படைத்தது. புதிய அரங்கில் 1,400 பேர் அமரலாம். அங்கு முதலில் நடந்த பெரிய ஓபரா ரிச்சர்ட் இசுட்ராசின் 'எலெக்ட்ரா', கொலையுண்ட தந்தைக்காகப் பழிதீர்க்கக் காத்திருக்கும் மகளின் கதை.

களரியும் கட்டையும்

அவிழ்த்த கூந்தலோடு பழிதீரக் காத்திருந்த பெண் ஒருத்தியின் கதை நம்மிடமும் உண்டு. கூத்தின் நடுநாயகம் திரௌபதிதான்.

கூத்துக்காரர் தலையிலும் தோளிலும் மார்பிலும் அணியும் அணிகலன்கள் மரத்தால் செய்யப்பட்டுக் கண்ணாடித் துண்டுகளும் வண்ணத் தாள்களும் ஒட்டப்பட்டவை. இவற்றையே கட்டை என்பர். கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் ஆகியவை முக்கியமானவை. கட்டை கட்டுவோர் அரசர், வீரர் முதலிய பெரிய வேடங்கள் மட்டுமே. கட்டியங்காரன் கட்டை கட்டுவதில்லை. அவன் நம்மைப் போன்றவன். அரசனைக் கேலி செய்வதும், கதையை நிறுத்தி ஊர் நடப்பைப் பேசுவதும், தூங்குகிறவரை எழுப்பி உட்காரவைப்பதும் அவன் வேலை.

மிருதங்கம், டோலக், தாளம், ஆர்மோனியம், முகவீணை ஆகியவை வாத்தியங்கள். முகவீணை நாகசுரத்தைவிடச் சிறியது; கூர்மையான ஒலி உடையது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் பாட்டு திடலின் கடைசிவரை கேட்க வேண்டும் என்பதால் உச்சக் குரலில் பாடுவது வழக்கமாயிற்று. கர்நாடக இசை கேட்டுப் பழகிய காதுக்கு அது கத்தலாகத் தோன்றக்கூடும். ஓபரா பாடகரும் ஒலிபெருக்கி இன்றி வாத்தியக் குழுவைத் தாண்டிக் கடைசி வரிசையை எட்டுவதற்காகவே குரலைப் பழக்குகின்றனர். அதைப் பயிற்சி என்று பாராட்டுவோர் இதைப் பாமரத்தனம் என்று ஒதுக்குவது நியாயமன்று.

இருவர் பிடிக்கும் திரைக்குப் பின் நின்று வேடக்காரர் தம்மைப் பற்றித் தாமே பாடுவார். பிறகு திரை விலகும். விருத்தம், தரு, வசனம் என மாறி மாறிக் கதை நகரும். ஒருவர் பாடுவதைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவர். இரவு பத்து மணியளவில் களரி கட்டினால் விடியும்போது முடியும்.

கூத்து தனித்து நடப்பதன்று. திருவிழாவில் பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லி பாரதத்தைச் சொல்வார். இரவில் அதே கதை கூத்தாகும். 'அர்ச்சுனன் தபசு' அன்று வேடக்காரர் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி முதலியவற்றை வீசுவார். பிள்ளைவரம் வேண்டும் பெண்கள் கீழே மடியேந்தி நிற்பர். 'பதினெட்டாம் போர்' ஆடிய மறுநாள் காலை, மண்ணால் செய்த மாபெரும் துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம் நடக்கும். திரௌபதி கூந்தல் முடிப்பாள். மாலையில் தீமிதி. துகிலுரிதல் ஆடும் இரவில் பார்ப்போர் பலர் அதை நாடகமாகக் கொள்வதில்லை. கற்பூரம் ஏற்றிக் கும்பிடுவர். துச்சாதனன் வேடம் கட்டியவரே அம்மனிடம் மன்னிப்பு வேண்டிய பிறகுதான் சேலையில் கைவைப்பார்.

மதிப்பிழந்த கதை

முன்பு இன்ன குடும்பம் இன்ன ஊரில் ஆட வேண்டும் என்ற மிராசு உரிமை இருந்தது. அது உரிமையும் கடமையுமாக இருந்தது; கூலி பெரும்பாலும் தானியம். பிற்பாடு பல சாதியினரும் சேர்ந்து ஆடும் தொழில்முறைக் குழுக்கள் தோன்றின. குழுவை ஜமா என்றும் செட் என்றும், தலைவரை வாத்தியார் என்றும் அழைப்பது வழக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் படித்தவர் நாடகம் வேறு பாதையில் சென்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர் பெயரோடு ஒட்டியிருக்கும் பம்மல், இன்றைய தொழிற்பாதையிலிருந்து வெகுதொலைவில் இல்லை. சில மணி நேரத்தில் முடியும், உரைநடைக்கு முதன்மை தரும் சபா நாடகம் மதிப்புப் பெற்றது. சங்கரதாசு சுவாமிகளின் பாடல் நிறைந்த நாடகங்கள் தெற்கே செல்வாக்குப் பெற்றன. கூத்து ஊர்ப்புறத்தோடு நின்றது. 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாயிற்று. சேக்சுபியரையும் கிரேக்க நாடகத்தையும் பாடநூலில் படித்த தலைமுறைகள், தம் ஊர்த் திடலில் நடந்ததை நாடகம் என்றே எண்ணவில்லை. பள்ளிப் பாடத்திட்டத்துக்கும் இதில் பங்குண்டு.

திருப்பம் 1970களில் வந்தது. ந. முத்துசாமி 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கி, செய்யாறு பக்கத்துப் புரிசை ஊரின் கூத்துக் கலைஞர்களோடு நெருங்கிப் பழகினார். புரிசை கண்ணப்பத் தம்பிரான் சங்கீத நாடக அகாதமி விருது பெற்றார். புரிசைக் குழு பிரெக்டின் நாடகத்தையும் கார்சியா மார்க்கேசின் சிறுகதையையும் கூத்தாக்கியது.

இன்னொரு பாதை பெருங்கட்டூர் பொ. ராஜகோபாலுடையது. கூத்து வாத்தியாரான பொன்னுசாமியின் மகனான அவர், ஏறத்தாழப் பத்து வயதில் பள்ளியை விட்டுக் கூத்துக்கு வந்தவர். அவரும் நெதர்லாந்து நாட்டு ஆய்வாளரான ஹன்னே டி புருயினும் கலைஞர் பலரும் சேர்ந்து 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்தனர். தெருக்கூத்து என்ற பெயர் இழிவாகப் பயன்படுகிறது என்பதால் கட்டைக்கூத்து என்ற பெயரை முன்வைத்தனர். புரிசையார் தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையோடு வைத்துக்கொண்டுள்ளனர். இரண்டுக்கும் நியாயம் உண்டு. வசையை மாற்றப் பெயரை மாற்றலாம், பெயரை விடாமல் வசையை உதறவும் செய்யலாம்.

2002இல் காஞ்சிபுரத்துக்கு அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துக் குருகுலம் தொடங்கியது. கூத்துக்காகப் படிப்பைவிட்ட ஒருவர், கூத்தும் படிப்பும் ஒன்றாகக் கிடைக்கும் உறைவிடப் பள்ளியை உருவாக்கினார் என்பதே இதன் சிறப்பு. ஆண்களே ஆடிவந்த கலையில் பெண் பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர். சங்கம் கர்நாடக இசைப் பாடகர் டி.எம். கிருஷ்ணா, சங்கீதா சிவகுமார் ஆகியோருடன் சேர்ந்து, இரு இசைகளும் ஒரே மேடையில் அமரும் நிகழ்ச்சியையும் நடத்தியது. குருகுலம் 2020இல் மூடப்பட்டது. அங்குப் பயின்ற பெண்கள் சிலர் இன்று கட்டை கட்டி ஆடுகின்றனர். இத்தகைய மாற்றத்துக்குப் பதினெட்டு ஆண்டு என்பது சிறிய காலமே.

பாரிசு வழியாக ஒரு சுற்று

கிரேக்கத்தையும் நம் கூத்தையும் உண்மையில் இணைக்கும் கண்ணி பிரான்சில் உள்ளது. பாரிசின் 'தியேட்டர் து சொலேய்' குழுவை நடத்தும் அரியான் முனூச்கின், 1990 முதல் 1992 வரை கிரேக்கத் துன்பியல் நாடகங்கள் நான்கை வரிசையாக மேடையேற்றினார். எலெக்ட்ரா குடும்பத்தின் கதைதான் அது. கோரசு எப்படி ஆடியது என்பதைக் காட்ட ஐரோப்பாவில் உயிருள்ள மரபு இல்லை; ஆகவே கதகளி முதலிய இந்திய ஆட்டமுறைகளிலிருந்து அவர் அதை உருவாக்கினார்.

2016இல் அதே குழு 'இந்தியாவில் ஓர் அறை' என்ற நாடகத்தை மேடையேற்றியது. இதற்குப் புரிசை கண்ணப்ப சம்பந்தன் பிரெஞ்சு நடிகர்களுக்குக் கூத்துக் கற்பித்தார். துகிலுரிதலையும் கர்ணனின் முடிவையும் அவர்கள் தமிழிலேயே பாடி ஆடினர். 2017இல் நாடகம் நியூயார்க் சென்றது. புளோரன்சு அறிஞர்கள் நூல்களில் தேடியதை, அதாவது தெய்வத்துக்காக ஊர் கூடிப் பார்க்கும் பாட்டு நாடகத்தை, முனூச்கின் ஆளிடமே கேட்டுக் கற்றார்.

தொழிற்சாலைகளுக்கு நடுவே

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா 2006இல் தொடங்கி 2014இல் நின்றது. ஒரகடத்தில் ரெனோ – நிசான் 2010இல் வந்தது. இவற்றுக்கு அருகில் உதிரிபாகத் தொழிற்சாலைகள் பெருகின. செய்யாறு பக்கமும் சிப்காட் வந்தது. விவசாய வேலை குறைந்த மாதங்களை ஒட்டியிருந்த கூத்துக் காலம் தை, மாசி முதல் ஆடி வரை. தொழிற்சாலைக்கு அப்படிப் பருவம் கிடையாது. காலை ஆறு மணி ஷிப்டுக்கு விடியுமுன்னே கம்பெனி பஸ் வந்துவிடும். கர்ணன் சாகும் நேரமும் அதுவே. மாதச் சம்பளம் கிடைக்கும் இளைஞர் ஆண்டில் பாதி நாள் மட்டும் வருமானம் தரும் தொழிலைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவதில் குற்றம் இல்லை.

கிரேக்க நிறுவனத்துக்கு அரசு மானியம் உண்டு. பெரிய அறக்கட்டளையும் கைகொடுத்தது. கூத்து ஜமாவுக்கு ஊர்ப்பணமே ஆதாரம். கோயில் விழாக் குழுவினர் வீடுவீடாக வரி வசூலித்து, வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்து நாள் குறிப்பர். தொழிற்சாலைக்குப் போகும் வீட்டுப் பிள்ளைகளின் சம்பளமும் அந்த வரியில் சேர்வது உண்டு. ஆடுவோரைக் குறைக்கும் அதே வேலைவாய்ப்பு, ஆடவைக்கும் பணத்தையும் ஓரளவு தருகிறது.

நகர மேடைகளில் கூத்து இரண்டு மணி நேரத்துக்குச் சுருக்கப்படுகிறது. வெளிநாட்டு விழாக்களிலும் அப்படியே. இளங்கலைஞருக்குப் புகழும் பயணமும் அங்கே கிடைக்கின்றன. கதை முழுவதையும் மனப்பாடமாகப் பாடும் திறமை அங்கே தேவைப்படுவதில்லை. அது தேவைப்படும் இடம் ஊர்த் திடல் மட்டுமே. திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், பதினெட்டாம் போரைச் சுருக்கி ஆடச் சம்மதிப்பவர் குறைவு. துரியோதனன் விழுவதும் திரௌபதி கூந்தல் முடிவதும் பொழுது விடிந்த பிறகே நடக்க வேண்டும்.