இணைய விளையாட்டு விதிகளும் சட்டமும்

இணைய விளையாட்டு நிறுவனம் வகுக்கும் நடத்தை விதிகள் ஒப்பந்த வகையைச் சேர்ந்தவை. அவற்றை மீறுவது மட்டுமே குற்றமாகாது, கணக்கு முடக்கப்படலாம். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தமும் பந்தய ஒப்பந்தமும் செல்லாதவை. மின்னணு ஒப்பந்தங்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு ஏற்பளித்தது.

தமிழ்நாட்டில் பண ஆட்டங்களுக்கு அரசே விதி வகுத்தது. 2021-இல் கொண்டுவந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022-இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 2025 பிப்ரவரியில் வந்த ஒழுங்குமுறை, நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டத்துக்குத் தடை விதித்து, ஆதார் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. ஜூனில் உயர் நீதிமன்றம் இவற்றை உறுதிசெய்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் பண ஆட்டங்களையே தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது.