கேட்பவருக்கு உண்டு, சொல்பவருக்கு இல்லை: இந்திய இரகசியச் சட்டத்தில் பொதுநலன்

ஓர் ஆவணத்தைக் குடிமகன் விண்ணப்பித்துக் கேட்டால் பொதுநலனைச் சீர்தூக்கிப் பார்க்கச் சட்டம் இடம் தருகிறது. அதே ஆவணத்தை, ஊழலைக் கண்டு மனம் பொறுக்காத அலுவலர் தாமாக வெளியே கொடுத்தால் அந்தச் சீர்தூக்கலுக்கு இடமே இல்லை. இந்திய மக்களாட்சியின் பெரிய சட்டக் கோளாறு இது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் 8(2)ஆம் பிரிவின்படி, வெளியிடுவதன் பொதுநலன் அதனால் நேரும் கேட்டைவிட மிகுமானால், அலுவல்சார் இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம். ரஃபேல் போர் விமானக் கொள்முதல் வழக்கில், நாளேட்டில் வெளியான பாதுகாப்புத் துறை ஆவணங்களைப் பார்க்கவே கூடாது என்ற அரசின் வாதத்தை உச்ச நீதிமன்றம் 10.4.2019 அன்று ஒருமனதாக நிராகரித்தது. 8(2)ஆம் பிரிவும் அதற்குத் துணைநின்றது. அந்த ஆவணங்களை முன்வைத்த மறுஆய்வு மனுக்கள் அவ்வாண்டு நவம்பரில் தள்ளுபடியாயின என்பது வேறு செய்தி. ஆவணம் நீதிமன்றத்துக்குள் நுழைந்தது. அதை வெளியே கொண்டுவரும் அலுவலருக்குப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்விக்கு அத்தீர்ப்பில் விடை இல்லை.

1923-ஆம் ஆண்டின் அலுவல்சார் இரகசியச் சட்டம் எது இரகசியம் என்று வரையறுக்கவில்லை. அதன் 5ஆம் பிரிவு கொடுத்தவரையும் பெற்றவரையும் சேர்த்தே தண்டிக்கிறது. ‘பொதுநலன் கருதிச் செய்தேன்’ என்னும் எதிர்வாதத்துக்கு அதில் வழியில்லை. இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இச்சட்டத்தை நீக்கப் பரிந்துரைத்தது 2006-இல். சட்டம் அப்படியே இருக்கிறது.

சத்யேந்திர துபேயின் கடிதம் சென்ற பாதையைப் பார்த்தால் இக்கோளாறு புரியும். தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் பொறியாளராக இருந்த அவர், தங்க நாற்கரச் சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளை 2002-இல் பிரதமருக்கு எழுதினார். கடிதத்தை அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாதே என்று தம் விவரங்களைத் தனித்தாளில் இணைத்து, பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தத் தாளும் கடிதத்தோடு சேர்ந்து பிரதமர் அலுவலகத்திலிருந்து அமைச்சகத்துக்கும், அங்கிருந்து நெடுஞ்சாலை ஆணையத்துக்கும் போனது. 27.11.2003 அன்று கயாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்றது சிபிஐ. 2010-இல் மூவர் தண்டனை பெற்றனர். கொலைக்கான காரணம் எதுவானாலும் ஒன்று மறுக்க முடியாதது: அரசின் இரகசியத்தைப் பொத்திக் காக்கத் தெரிந்த அலுவலகங்களுக்கு, நம்பி எழுதியவரின் இரகசியத்தைக் காக்கத் தெரியவில்லை.

அந்த மரணம் கிளப்பிய கொந்தளிப்பில்தான் 2004-இல் ஓர் அரசுத் தீர்மானமும், பத்தாண்டு கழித்து முறைகேடுகளை வெளிப்படுத்துவோர் பாதுகாப்புச் சட்டம், 2014-உம் வந்தன. அலுவல்சார் இரகசியச் சட்டம் தடுத்தாலும் உரிய அதிகாரியிடம் முறையிடலாம் என்பது அதன் 4ஆம் பிரிவு. மிக நல்ல ஏற்பாடு. ஆனால் 2015-இல் மக்களவை நிறைவேற்றிய திருத்த மசோதா அந்த விலக்கைப் பறிக்க முனைந்தது. முறையிடக் கூடாத பத்து வகைத் தகவல்களையும் பட்டியலிட்டது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)ஆம் பிரிவிலுள்ள தடைகளை அடியொற்றியவர்கள், அவற்றுக்கு மாற்றான 8(2)-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

நாட்டின் பாதுகாப்பு என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. படை நகர்வோ உளவாளியின் பெயரோ தெருவுக்கு வரக் கூடாது. ஆனால் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் பத்திரிகைக்குப் போகச் சொல்லவில்லை. மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் போன்ற அரசு அமைப்பிடமே முறையிடச் சொல்கிறது. இந்த மூடிய வாயிலையும் அடைப்பது நாட்டைக் காப்பதற்கன்று, தவறு செய்தவரைக் காப்பதற்கே.

அந்த மசோதா 2019-இல் 16ஆம் மக்களவை கலைந்தபோது காலாவதியானது. ஆனால் 2014-ஆம் ஆண்டின் மூலச் சட்டமும் நடைமுறைக்கு வரவில்லை. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற பின்னும், தொடக்க நாளை அறிவிக்கும் அரசிதழ் அறிவிக்கையை மத்திய அரசு வெளியிடவில்லை. அதை வெளியிட நாடாளுமன்றத்தின் ஒப்புதல் தேவையில்லை. அரசு அதை உடனே வெளியிட வேண்டும். அலுவல்சார் இரகசியச் சட்டத்தின் 5ஆம் பிரிவில் பொதுநல எதிர்வாதத்தைச் சேர்க்கும் திருத்தத்தையும் நாடாளுமன்றத்தில் கொண்டுவர வேண்டும்.