சுல்தான் கான்: 58 ஆண்டுகள் கழித்து வந்த கிராண்ட்மாஸ்டர் பட்டம்

செஸ் நூல்கள் மீர் சுல்தான் கான் என்று குறிப்பிடும் இவர், பஞ்சாபின் மித்தா திவானா என்ற ஊரில் 1903ஆம் ஆண்டு பிறந்தார் (பழைய நூல்களில் 1905 என்று இருக்கும்). அவ்வூர் இன்று பாகிஸ்தானில் உள்ளது. செஸ் ஆடுவது கூடுமா என்பதில் மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. இங்கு நாம் பார்ப்பது அவருடைய வரலாற்றை மட்டுமே.

ஒன்பது வயதில் தந்தையிடம் அவர் கற்றது இந்திய முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான் போகும். கடைசி வரிசையை எட்டிய சிப்பாயை விருப்பம்போல் ராணியாக்கிக்கொள்ளவும் முடியாது. ஐரோப்பிய ஆட்டத்திலோ தொடக்க நகர்வுகளை அலசும் நூல்கள் குவிந்து கிடந்தன. அவற்றைப் படித்து வளர்ந்தவர்களுக்கு எதிரேதான் அவர் உட்கார வேண்டியிருந்தது.

அவரை ஆதரித்தவர் பெரும் நிலக்கிழாரான சர் உமர் ஹயாத் கான். 1928இல் அகில இந்தியப் போட்டியில் வென்ற சுல்தான் கானை மறு ஆண்டு அவர் லண்டனுக்கு அழைத்துச் சென்றார். போன சில மாதங்களிலேயே பிரிட்டிஷ் சாம்பியன்! 1932, 1933ஆம் ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே. ஹேஸ்டிங்ஸ் 1930-31 போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபாபிளாங்காவை 65 நகர்வுகளில் வீழ்த்தினார். 1931இல் டார்டகோவருடன் தனிப் போட்டியில் 6½-5½ என வென்றார். அதே ஆண்டு பிராக் ஒலிம்பியாடில் இங்கிலாந்தின் முதல் பலகையில் ஆடி, ரூபின்ஸ்டைனைத் தோற்கடித்தார். அன்றைய உலக சாம்பியன் அலெகைனுடன் டிரா செய்தார். தொடக்கத்தில் தடுமாறுவார், இறுதிக்கட்டத்தில் அசைக்க முடியாது. லண்டன் குளிரும் மலேரியாவும் வாட்டியபோதும் ஆடினார்.

உமர் ஹயாத் கானின் வீட்டைச் சேர்ந்த ஃபாத்திமா என்ற இளம்பெண் 1933இல் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன் ஆனார். இதை நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம்.

அவ்வாண்டின் இறுதியில் சுல்தான் கான் ஊர் திரும்பினார். 1935இல் காதில்கரை 9½-½ என வென்றார். பிறகு பெரிய போட்டிகளில் அவரைக் காண முடியவில்லை. சர்வதேச ஆட்டம் ஐந்து ஆண்டுகூட நீடிக்கவில்லை.

மேற்கத்திய நூல்களில் அவர் 'எழுதப் படிக்கத் தெரியாத வேலைக்காரர்'. லண்டன் விருந்து ஒன்றில் அவரே தங்களுக்கு உணவு பரிமாறியதாக அமெரிக்க வீரர் ரூபன் ஃபைன் எழுதியதே இதற்குப் பெரிதும் துணைபோனது. அவருடைய குடும்பத்தார் இதைக் கடுமையாக மறுக்கிறார்கள். தாங்கள் நிலபுலன் உள்ள பீர் வம்சத்தார் என்றும், அவருக்கு ஆங்கிலம் படிக்கவும் எழுதவும் தெரியும் என்றும் சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு உணவு பரிமாறுவது நம்மிடையே வேலைக்காரத்தனமா என்ன? ஃபைன் பார்த்த காட்சிக்கு இப்படியும் ஒரு பொருள் இருந்திருக்கலாம்.

1966இல் சர்கோதாவில் காசநோயால் வஃபாத்தானார். கிராண்ட்மாஸ்டர் பட்டங்களை ஃபிடே 1950இல் வழங்கத் தொடங்கியபோது அவர் உயிரோடுதான் இருந்தார். பட்டியலில் பெயர் இல்லை. 2024 பிப்ரவரியில்தான் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் வந்தது. தம் பிள்ளைகளுக்கு அவர் செஸ் கற்றுத்தரவில்லை. வாழ்க்கையில் இதைவிடப் பயனுள்ளதாக ஏதாவது செய்யுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.