இடாப்பில் ஏறிய பிள்ளைகள்

ஆபிரிக்கப் பிள்ளைகள் எல்லாரும் ஆரம்பப் பாடசாலைக்குள் வந்துவிடவேண்டிய ஆண்டு முதலில் 1980 ஆக இருந்தது. 1961இல் அடிஸ் அபாபாவில் கூடிய மாநாடு வைத்த தவணை அது. ஆசியாவுக்கு அதற்கு முந்தின வருசம் கராச்சியில் வைத்ததும் 1980தான். 1990இல் தாய்லாந்தின் ஜொம்தியெனில் உலகம் முழுவதுக்கும் 2000 என்றார்கள். 2000இல் செனகலின் டக்காரில் அது 2015 ஆனது. இப்ப 2030. கடன் வாங்கினவர் தவணை சொல்லுற மாதிரித்தான்.

கடன் என்ற சொல்லை நாங்கள் சும்மா பாவிக்கவில்லை. ஆரம்பக் கல்வி இலவசமாக இருக்கவேண்டும் என்று 1948இன் மனித உரிமைப் பிரகடனமே சொல்லிவிட்டது. ஆனால் 1980களில் கடனில் மூழ்கிய நாடுகள் உலக வங்கியிடமும் சர்வதேச நாணய நிதியத்திடமும் போனபோது, அரச செலவைக் குறை என்ற நிபந்தனை வந்தது. பல ஆபிரிக்க நாடுகளில் பாடசாலைச் செலவின் ஒரு பங்கு பெற்றோரின் தலையில் ஏறியது. ஜொம்தியெனில் 155 நாடுகள் கூடியபோது 10 கோடிக்கு மேற்பட்ட பிள்ளைகள் பாடசாலைக்கு வெளியே நின்றார்கள். அதில் 6 கோடிப் பேராவது பெண் பிள்ளைகள். மாநாட்டைக் கூட்டியவர்களில் உலக வங்கியும் ஒன்று என்பதையும் சொல்லிவைக்கிறோம்.

ஜொம்தியென் பிரகடனத்தில் தரம் பற்றிய பேச்சே இல்லையென்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிள்ளை பாடசாலைக்கு வருவது போதாது, உண்மையில் படிக்கிறதா என்று பார்க்கவேண்டும் என 4ஆம் உறுப்புரை சொல்கிறது. பிரச்சினை காசு எங்கே போனது, எதை எண்ணினார்கள் என்பதில்தான்.

மலாவியை எடுத்துப் பார்ப்போம். முப்பது வருசம் ஆண்ட ஹேஸ்டிங்ஸ் பண்டா 1994 தேர்தலில் தோற்றார். வென்ற பகிலி முலுசி, தேர்தலில் சொன்னபடியே அந்த வருசமே ஆரம்பப் பாடசாலைக் கட்டணத்தை நிறுத்தினார். சீருடை கட்டாயமில்லை என்றும் அறிவித்தார்கள். (இலங்கையில் 1945இலேயே கட்டணம் போய்விட்டது. ஆனால் இலவசப் பாடப்புத்தகம் வர 1980 ஆனது, சீருடைத் துணி வர 1993. கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் வேறு வேறு.) மலாவியில் சுமார் 19 இலட்சமாக இருந்த மாணவர் தொகை ஒரே வருசத்தில் 30 இலட்சத்தை எட்டியது. இவ்வளவு பேரும் அதுவரை எங்கே இருந்தார்கள்? பெற்றோருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்த எல்லாருக்கும் அந்த வரிசையே பதில்.

ஆனால் உள்ளே என்ன இருந்தது? ஏறக்குறைய 20,000 ஆசிரியர்களை அவசரமாக எடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த ஆரம்பப் பயிற்சி சில வாரங்கள்தான். கீழ் வகுப்புகளில் நூறு பிள்ளைகளுக்கு மேல். கட்டடம் இல்லாத இடங்களில் மரநிழலில் வகுப்பு. நூறு பேரின் இடாப்பைக் கூப்பிட்டு முடிக்கவே பாட நேரத்தில் பாதி போய்விடும், அதுக்குப் பிறகு எங்க வாசிக்கப் பழக்குறது? சில வருசங்கள் கழித்துத் தென், கிழக்கு ஆபிரிக்க நாடுகளின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை வாசிப்பில் சோதித்தபோது மலாவி கடைசி வரிசையில் நின்றது.

இதைக் காட்டி "இலவசமாக்கினால் தரம் கெடும்" என்று சொல்பவர்கள் உண்டு. எங்கட பல்கலைக்கழகங்களைப் பற்றியும் இதையேதான் கதைக்கிறார்கள். நாங்கள் இதை ஏற்கவில்லை. முன்பு தரம் நன்றாக இருந்ததாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், வசதியில்லாத பிள்ளை கணக்கிலேயே வராததுதான். மலாவி கதவைத் திறந்தது பிழையில்லை. கதவைத் திறக்கச் சொல்லிக் கைதட்டிய உலகம் ஆசிரியருக்கும் வகுப்பறைக்கும் தேவையான காசைத் தராததுதான் பிழை. 1997இல் உகண்டாவிலும் 2003இல் கென்யாவிலும் அதே வெள்ளம் வந்தது, அதே நெரிசலும்.

2000 ஏப்ரலில் டக்கார் மாநாடு ஆறு இலக்குகளை வைத்தது. ஆறாவது, கல்வியின் தரம். ஐந்து மாதம் கழித்து ஐ.நா.வில் மிலேனிய இலக்குகளுக்கான உறுதிமொழி வந்தபோது, ஆரம்பக் கல்வியை எல்லாரும் முடிக்கவேண்டும் என்பதும் ஆண்-பெண் சமத்துவமும் மட்டும் மிஞ்சின. தரம் காணாமற்போனது. உதவி வழங்கும் நாடுகள் பார்த்தது அந்தப் பட்டியலைத்தான். 15 வருசத்தில் வெளியே நின்ற பிள்ளைகளின் தொகை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது, அது சின்ன விசயமில்லை. ஆனால் 25 கோடிப் பிள்ளைகள் அடிப்படை வாசிப்பும் கணக்கும் தெரியாமல் இருக்கிறார்கள் என்று 2014இல் வந்த யுனெஸ்கோ அறிக்கை சொன்னது. அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் நான்கு வருசமாவது பாடசாலைக்குப் போனவர்கள்.

2015இல் வந்த நிலைபேறான அபிவிருத்தி இலக்குகளில் நான்காவதன் பெயரிலேயே தரம் என்ற சொல் ஏறிவிட்டது. இரண்டாம், மூன்றாம் வகுப்பில் பிள்ளை வாசிக்கிறதா என்பதும் இப்போது ஒரு குறிகாட்டி. அதற்குக் கொடுக்க பல நாடுகளிடம் தரவே இல்லை. இடாப்புக் கணக்கு மட்டும் எல்லாரிடமும் இருக்கிறது.