குழலைக் குறைக்கலாமா?

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் பணியாற்றும் நம் பங்கைச் சார்ந்த அன்பர் ஒருவர் ஒரு மாலை நம்மிடம் வந்தார். பாட்டனார் காலத்து இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி ஒன்று, அண்மையில் மறைந்த தந்தையார் வழியாக அவரை அடைந்திருந்தது. "சாமி, குழல் மிக நீளமாக இருக்கிறது. லேத் பட்டறையில் கொடுத்துக் குறைத்து, இக்காலத் தோட்டா போடும்படி மாற்றிக்கொள்ளலாமா?" என்று கேட்டார். வினா சிறியதுதான். ஆயினும் அதன் பின்னே நம் பகுதியின் நீண்ட வரலாறு நிற்கிறது.

பழவேற்காட்டில் டச்சுக்காரர் 1613-இல் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். அங்கே கருமருந்தும் செய்து, ஆசியாவிலிருந்த தங்கள் பிற தளங்களுக்கு அனுப்பினர். எனவே வெடிமருந்தின் நெடி இக்கரைக்குப் புதிதன்று. ஆனால் 1857-க்குப் பின், குடிமக்கள் கையில் ஆயுதம் இருப்பதை ஆங்கில அரசு அஞ்சியது. லிட்டன் பிரபு காலத்தில் வந்த 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. எளிதில் கிட்டாத உரிமம் பெற்ற வீட்டில், துப்பாக்கி ஒரு மதிப்பின் அடையாளமாயிற்று. இன்றும் அதைக் கைவிட மனம் வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

வேட்டையின் காலமோ முடிந்துவிட்டது. பழவேற்காடு ஏரியின் தமிழகப் பகுதி 1980-இல் பறவைகள் சரணாலயமாயிற்று. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபோது, உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் அடைபட்டது.

அன்பர் எண்ணிய மாற்றமோ இருவகையில் தீது. பழங்குழல்கள் பல, இரும்பும் எஃகும் சேர்த்து முறுக்கி அடித்து உருவானவை. கருமருந்தின் அழுத்தத்திற்கென்றே அமைந்தவை. இக்காலப் புகையில்லா மருந்தைத் தாங்காமல் அவை வெடித்துச் சிதறிச் சுடுபவரின் கையையே பறித்துவிடலாம். மேலும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு, தனி உரிமமின்றிக் குழலைக் குறைப்பதைத் தடை செய்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தண்டனை 7 ஆண்டுச் சிறை முதல் ஆயுள் வரை. ஏன் இத்துணைக் கடுமை? குறுகிய குழல் ஆடைக்குள் மறையும். மறைத்துச் செல்லும் ஆயுதத்தின் இலக்கு விலங்கன்று, மனிதனே.

இறைவாக்கினர் எசாயா, வாள் ஏர்க்கொழுவாகும் நாளைக் கண்டார். யோவேல் நூலிலோ கொழு வாளாகிறது. இரும்பு இரண்டிற்கும் இணங்கும். எதுவாக வேண்டும் என்று தீர்மானிப்பவன் மனிதன். பழைய இரும்பு உருகிக் கட்டடக் கம்பியாவதைத் தம் ஊர் ஆலைகளில் நாள்தோறும் காணும் அன்பருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

"தந்தையார் பெயரிலிருந்த உரிமம் உமக்கு உரிமம் ஆகாது. துப்பாக்கியை முதலில் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வணிகரிடமோ ஒப்படையும். வைத்திருக்கத்தான் வேண்டுமெனில், வாரிசு என்ற முறையில் விண்ணப்பியும். குழலை மட்டும் தொடாதீர்" என்றோம்.

அவர் சற்று நேரம் மௌனமாயிருந்தார். பின்பு, "அப்பா ஆண்டுதோறும் அதைத் துடைத்து எண்ணெய் இடுவார், சாமி. நான் அறிய ஒருமுறையும் சுட்டதில்லை" என்றார்.

செய்ய வேண்டிய மாற்றத்தை அந்தத் தந்தை முன்னரே செய்து முடித்திருந்தார். மகன் மறுநாள் காவல் நிலையம் சென்றார்.