பி, ஆர், என், டி: கை பழகிய வரிசையின் கதை

ஆட்டோ கியர் கார் ஓட்டும் எவருக்கும் பி, ஆர், என், டி என்ற நான்கு எழுத்துகள் மனப்பாடம். மலேசியாவில் ‘டிஏ’ உரிமமும் சிங்கப்பூரில் ‘3ஏ’ உரிமமும் எடுத்த இளையர்கள் பலர் கிளச்சை மிதித்ததே இல்லை. அவர்களுக்குக் கார் ஓட்டுவது என்றாலே இந்த நான்கு எழுத்துகள்தான். ஆனால், இந்த வரிசை எப்படி வந்தது? ஏன் வேறு மாதிரி இல்லை?

இன்று புதுக் கார் வாங்கச் செல்பவர் முன்னால் லீவர், பொத்தான், திருகும் குமிழ் என்று பல வகைகள் இருக்கின்றன. எது அழகு, எது வசதி என்று ரசனையை வைத்தே பெரும்பாலோர் முடிவு செய்கிறார்கள். வரலாற்றைச் சற்றுப் புரட்டினால், இதில் உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது என்பது புரியும்.

ஸ்டியரிங் ஓரத்தில் ஒரு லீவர்

1939-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம், 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களுக்காக ‘ஹைட்ரமேட்டிக்’ என்ற தானியங்கிக் கியரை அறிமுகப்படுத்தியது. கிளச் மிதி இல்லை. லீவர் ஸ்டியரிங் தண்டின் ஓரத்தில் இருந்தது. அந்தக் காலத்துக் கார்களில் முன்னிருக்கை பெஞ்சு போல நீளமானது. மூன்று பேர் உட்காரலாம். தரையில் லீவர் நின்றால் நடுவில் இருப்பவருக்குக் கால் வைக்க இடமிருக்காது.

அந்த முதல் ஹைட்ரமேட்டிக்கில் ‘பி’ கிடையாது. இயந்திரத்தை அணைத்துவிட்டு ரிவர்ஸில் போட்டால் வண்டி பூட்டிக்கொள்ளும். வரிசையும் வேறு. முதலில் நியூட்ரல், அடுத்து முன்னோக்கிச் செல்லும் கியர், பிறகு லோ, கடைசியில் ரிவர்ஸ். லோவும் ரிவர்ஸும் பக்கத்துப் பக்கத்தில் இருந்ததைப் பலர் விரும்பினார்கள். பனியிலோ சேற்றிலோ சக்கரம் சிக்கினால், லீவரை இரண்டுக்கும் இடையே மாற்றி மாற்றித் தள்ளி, வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி வெளியே கொண்டுவந்துவிடலாம்.

1951-இல் ஃபோர்டு நிறுவனம் ‘ஃபோர்டோமேட்டிக்’ கியரைக் கொண்டு வந்தது. அதன் வரிசை பி, ஆர், என், டி, எல். இங்கே ரிவர்ஸுக்கும் டிரைவுக்கும் நடுவே நியூட்ரல் காவல் நின்றது.

இப்போது சிக்கலைக் கவனியுங்கள். 1950-களின் பியூக் காரில் வரிசை பி, என், டி, எல், ஆர். ஃபோர்டு காரில் லீவரைக் கடைசி வரை இழுத்தால் லோ கியர். பியூக் காரில் அதே இழுப்புக்கு ரிவர்ஸ். இரண்டு வகைக் கார்களும் ஒரே சாலையில்தான் ஓடின. ஒன்றில் பழகியவர் அவசரத்தில் மற்றதை ஓட்டினால் என்ன ஆகும்? மூளை யோசிக்கும் முன்பே கை முந்திக்கொள்ளும்.

பொத்தான் மோகம்

1956 மாடல் கார்களில் கிறைஸ்லர் நிறுவனம் லீவரையே எடுத்துவிட்டு, டேஷ்போர்டின் இடது மூலையில் பொத்தான்களை வைத்தது. மக்கள் வியந்து பார்த்தார்கள். ஆனால், தொடக்கத்தில் அதிலும் ‘பி’ இல்லை. வண்டியை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கைத்தான் நம்ப வேண்டும்.

ஃபோர்டு இன்னும் ஒரு படி மேலே போனது. 1958 மாடல் ‘எட்செல்’ காரில் கியர் பொத்தான்களை ஸ்டியரிங்கின் நட்ட நடுவில் பொருத்தியது. அதுவோ, ஹாரன் அடிப்பதற்காகக் கை தன்னால் போகும் இடம்! ஹாரனைத் தேடிய கைகள் கியரை அழுத்தின. அந்த ஏற்பாடு ஒரே ஆண்டில் கைவிடப்பட்டது. எட்செல் காரின் தயாரிப்பும் 1959 நவம்பரில் நின்றது. கிறைஸ்லரின் பொத்தான்கள் 1964 மாடல் வரை தாக்குப்பிடித்தன. 1965 மாடலில் லீவர் திரும்பி வந்தது.

சட்டம் சொன்ன பாடம்

1965-இல் ரால்ஃப் நாடர் எழுதிய ‘அன்சேஃப் அட் எனி ஸ்பீட்’ என்ற நூல் அமெரிக்கக் கார்த் தொழிலை உலுக்கியது. இந்தக் கியர் வரிசைக் குழப்பமும் அதில் இடம்பெற்றது. அதே காலக்கட்டத்தில், தான் வாங்கும் கார்களில் பி, ஆர், என், டி, எல் வரிசையே இருக்க வேண்டும் என்று அமெரிக்க அரசாங்கம் நிபந்தனை விதித்தது. பெரிய வாடிக்கையாளர் கேட்டால் வியாபாரி மறுப்பாரா?

1968 ஜனவரி முதல் தேதி, புதிய கார்கள் அனைத்துக்கும் பாதுகாப்பு விதி நடப்புக்கு வந்தது. முன்னோக்கிச் செல்லும் கியருக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் நியூட்ரல் இருந்தாக வேண்டும். கியர் டிரைவிலோ ரிவர்ஸிலோ இருக்கும்போது இயந்திரம் உயிர்பெறக் கூடாது. ஆனால் லீவர்தான் வேண்டும், அது இன்ன இடத்தில்தான் இருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்லவில்லை.

பின்னாளில் இன்னொரு காவலும் சேர்ந்தது. பிரேக்கை மிதித்தால்தான் ‘பி’-யிலிருந்து கியர் விலகும். காருக்குள் விளையாடும் பிள்ளைகள் கியரை நகர்த்தி, வண்டி உருண்டு நடந்த விபத்துகளைத் தடுப்பதற்காக, 2010 செப்டம்பர் முதல் தேதிக்குப் பிறகு தயாரிக்கப்படும் கார்களில் அமெரிக்கா இதைக் கட்டாயமாக்கியது.

மின்கம்பி தந்த சுதந்திரம்

லீவர் ஒரு கேபிளை இழுத்து, அந்தக் கேபிள் கியரை மாற்றிய காலம் போய், மின் சமிக்ஞையே கியரை மாற்றும் காலம் வந்தது. 2001-இல் வந்த பிஎம்டபிள்யூ 7 சீரிஸில் கியர், ஸ்டியரிங் ஓரத்தில் ஒரு சிறு குச்சியாகச் சுருங்கியது. 2003-இன் டொயோட்டா பிரியஸில் அது டேஷ்போர்டில் விளையாட்டுக் கருவி போன்ற குட்டி லீவர். ‘பி’ தனிப் பொத்தான். 2007-இல் அறிமுகமான ஜாகுவார் எக்ஸ்எஃப் காரில், இயந்திரத்தை முடுக்கியதும் ஒரு வட்டக் குமிழ் மேலே எழுந்து வரும்.

பார்க்க அழகுதான். ஆனால் இவற்றில் சில வகைகளில், தள்ளிய லீவர் தள்ளிய இடத்தில் நிற்பதில்லை. கையை எடுத்ததும் நடுவுக்கே திரும்பிவிடும். எந்தக் கியரில் இருக்கிறோம் என்பது கைக்குத் தெரியாது. கண்தான் விளக்கைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இதன் விலை 2016-இல் தெரிந்தது. இத்தகைய லீவர் பொருத்திய ஜீப் கிராண்ட் செரோக்கி, டாட்ஜ் சார்ஜர், கிறைஸ்லர் 300 ஆகிய மாடல்களில் சுமார் 11 லட்சம் வாகனங்களை ஃபியட் கிறைஸ்லர் நிறுவனம் திரும்ப அழைத்தது. ‘பி’-யில் போட்டுவிட்டோம் என்று நம்பி இறங்கியவர்களை அவர்களின் வண்டியே இடித்த சம்பவங்கள் நடந்திருந்தன. அந்த ஆண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சல்ஸில், 27 வயது ஹாலிவுட் நடிகர் அன்டன் யெல்சின், சரிவான தம் வீட்டுப் பாதையில் உருண்டு வந்த சொந்த கிராண்ட் செரோக்கியால் நசுக்கப்பட்டு இறந்தார். திரும்ப அழைக்கப்பட்ட மாடல்களில் அதுவும் ஒன்று.

நமக்கு எது நல்லது?

புதுமையே வேண்டாம் என்பது என் வாதமல்ல. நம் சாலைகளில் ஓடும் பெரோடுவா அல்ஸாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2009-இல் வந்த அந்தக் காரில் லீவர் தரையிலிருந்து டேஷ்போர்டுக்கு ஏறியது. முன்வரிசையில் இடம் கிடைத்தது. ஆனால் வரிசை மாறவில்லை, தள்ளிய இடத்தில் லீவர் நின்றது. யாரும் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. இடம் மாறலாம், வடிவம் மாறலாம். கைக்குக் கிடைக்கும் பதில் மட்டும் மாறக் கூடாது.

ஆகவே கார் வாங்கப் போகும் நேயர்களே, விற்பனையாளர் வண்ணத்தையும் வட்டியையும் பற்றிப் பேசும்போது, ஓட்டுநர் இருக்கையில் ஐந்து நிமிடம் உட்காருங்கள். கண்ணை மூடிக்கொண்டு கியர் எதில் இருக்கிறது என்று உங்கள் கையால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். ‘பி’ போடாமல் கதவைத் திறந்தால் கார் தானாகப் பூட்டிக்கொள்ளுமா என்று கேளுங்கள். உங்கள் காரை வயதான அப்பாவும், நேற்று உரிமம் எடுத்த பிள்ளையும் ஓட்டக்கூடும். அவர்களையும் உட்கார வைத்துப் பாருங்கள். எந்த வகைக் கியராக இருந்தாலும், இறங்கும் முன் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். அந்த ஒரு பழக்கத்துக்கு எந்த மாடலிலும் வேலை உண்டு.